மயிரிழைக்கு ஒரு உதாரணம்

1

இந்தக் கதை வயிற்றுப்பாட்டுக்காகப் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி ஒன்றில் எனக்கு வேலை. அன்று வந்த தொடர் 'க்ளோஸ் ஷேவ்'. சவரக்கத்தி தோலை ஒட்டிப் போகிறது, ஆனால் வெட்டவில்லை. அதாவது, ஆபத்து உரசிக்கொண்டு போக, மயிரிழையில் தப்புவது. பொருள் எழுத இரண்டு நிமிடம்தான். பயன்பாட்டுக்கு ஒரு உதாரண வாக்கியம் வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

2

லாரி வேகமாக வந்தது, கொத்தனார் சட்டென்று

(வேண்டாம். எல்லா அகராதியிலும் இந்த லாரி வந்துகொண்டே இருக்கிறது. இதுவரை ஒருவரையும் இடித்ததில்லை.)

பாம்பு அவன் காலருகே

(பாம்பும் வேண்டாம்.)

கடைசியில் சொந்தச் சரக்கையே எடுத்தேன்: 'மருத்துவமனையில் தங்கையின் கண்ணில் படாமல் அவன் மயிரிழையில் தப்பினான்.'

3

[வாசகர் இங்கே புருவத்தை உயர்த்தலாம்.]

மூன்று வாரத்துக்கு முன்பு, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தேன். லிஃப்ட் திறந்தது. என் தங்கை. அவள் என்னோடு பேசி நான்கு வருடம் ஆகிறது. அவளுடைய விவாகரத்தை, அவள் அழுதுகொண்டே சொன்ன அதே சொற்களோடு கதையாக்கி அச்சில் விட்டவன் நான். பெயரை மாற்றினேனே என்று வாதாட வேறு செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

கையிலிருந்த எக்ஸ்ரே உறையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் செருப்புச் சத்தம் எனக்கு எதிரே நின்றது, பிறகு போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது.

4

எங்கள் மெய்ப்புத் திருத்துநர் எதிர் மேசையில் இருக்கிறார். எதையும் சும்மா விடமாட்டார்.

"சார், இந்தத் தொடரை ஆபத்துக்குத்தானே போடுவாங்க? தங்கச்சி என்ன ஆபத்தா?"

"சும்மா ஒரு உதாரணம் மேடம்."

"நம்பிட்டேன். எக்ஸ்ரே எடுக்க லீவு போட்டது யாராம்?"

சொல்லிவிட்டேன், முழுவதையும். அவர் பேனாவை மூடினார்.

"உறையில பேரு எழுதியிருப்பாங்களே. அது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

வெளிப்பக்கம், அவளைப் பார்த்தபடி. கொட்டை எழுத்தில் என் பெயர், வயது, கீழே 'நெஞ்சு'. எனக்கு இருந்தது வெறும் சளி. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

"மூணு வாரமாவா?" என்றார் அவர். "பாவம் சார் அந்தப் பொண்ணு."

5

முடிவுகள்:

(அ) அவள் உறையைப் படிக்கவே இல்லை. [எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

(ஆ) அவளே ஓடி வந்து, "அண்ணா" என்று தழுதழுத்து

[அடித்துவிட்டேன். உழைக்காமல் கிடைக்கும் மன்னிப்பு.]

(இ) அகராதிக்கு அந்த லாரியையே கொடுத்துவிட்டு, அலுவலக மாடிப்படியில் நின்று அவள் எண்ணை அழுத்தியிருக்கிறேன். மணி அடிக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

எடுத்துவிட்டாள். ஹலோ இல்லை, யாரென்ற கேள்வி இல்லை.

"ரிப்போர்ட்ல என்ன சொன்னாங்க?"

வாசகரே, இதை எழுதியதே தப்பு. இனி அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லும் உங்களுக்குக் கிடையாது. கொஞ்சம் வெளியே இருங்கள்.