அண்ணியின் அருவி

காட்டுக்குள் நடக்க வருகிறவர் கையில் குடையோடு வந்தால் அவரை நம்பக் கூடாது என்று வழிகாட்டிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்று காலை அவளே முடிவு செய்துகொண்டாள்.

அலுவலகம் என்று பலகை மாட்டியிருந்தாலும் அது ஒற்றை அறைதான். ஒரு சுவரில் மழைக்கோட்டுகள் காய்ந்தும் காயாமலும் தொங்கின. இன்னொரு சுவரோரம் வாடகை ரப்பர் காலணிகள், ஜோடி பிரியாதபடி கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தன. உள்ளே வருகிற எல்லோரும் அருவி எவ்வளவு உயரம், குளிக்கலாமா என்றுதான் கேட்பார்கள். குடைக்காரர் கேட்டது வேறு.

"போற வழியும் திரும்பி வர்ற வழியும் ஒண்ணுதானா?"

"ஏன் சார்?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவரின் கண் அப்படிச் சுவரெல்லாம் மேயாது. அவள் வாசல் வழியாக எதிர்க்கடையைப் பார்த்தாள். புதுப் பெயிண்ட் அடித்த அந்தக் கடை கொழுந்தனுடையது. இவளிடம் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு முறைத்துக்கொண்டு போய், நேர் எதிரே திறந்தவன். சொந்த வேன் உண்டு, பேச்சு உண்டு, படகுத்துறையில் வருகிறவர்களை வலைபோட்டுப் பிடிக்கும் சாமர்த்தியம் உண்டு. அருவிக்கான வழி மட்டும் அவனிடம் இல்லை. சாலையோரத்தில் ஒரு பாறை ஈரமாக இருக்கும். அதைக் காட்டித்தான் அவன் காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

பெரிய அருவி தீவின் உள்வயிற்றில் இருந்தது. புருஷனோடு சண்டை போட்டுவிட்டு ஒருநாள் கால் போன போக்கில் நடந்தபோது, கோபம் தீர்வதற்குள் அருவி வந்துவிட்டது. காட்டுப்பன்றிகள் போட்ட தடங்கள் பின்னிக் கிடக்கும் அந்தக் காட்டில், ஒருமுறை போனவர்களால் மறுமுறை தனியாகப் போக முடியாது. அந்த வழி கொழுந்தனுக்குத் தெரிந்துவிட்டால் அவள் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். புருஷனிடம் சொன்னால், "அவன் என் தம்பி, நீ என் பொண்டாட்டி, நான் என்ன பண்றது?" என்பார். படகு எஞ்சினைத் தவிர எதிலும் கை வைக்காத மனிதர்.

அன்று வந்திருந்த மற்ற இருவர் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். மனைவி நடக்கத் தொடங்கியதிலிருந்து வாய் ஓயவில்லை.

"இவருக்கு எதைப் பாத்தாலும் பல்லுதான். அந்தக் குரங்கு வாயைத் தொறந்துச்சு பாருங்க, உடனே பக்கத்துல போயிட்டாரு."

"கடைவாய்ப் பல்லு சொத்தை," என்றார் டாக்டர் வருத்தத்தோடு.

வழிகாட்டி சிரித்தாள், ஆனால் அவள் கண் குடைக்காரர் மேலேயே இருந்தது. தடம் பிரியும் இடம் வந்தால் போதும், அவருக்குக் காலணி முடிச்சு அவிழ்ந்துவிடும். குனிவார், பின்தங்குவார், பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்வார்.

"நீங்க எல்லாரும் முன்னால நடங்க. கால்ல அட்டை ஏறுதான்னு நான் பின்னால இருந்து பாத்துக்கறேன்," என்றாள்.

அடுத்த பிரிவில் அவர் குனிந்து நிமிர்ந்த இடத்தைக் கடந்தபோது பார்த்தாள். ஒரு செடியின் கவட்டில் செய்தித்தாள் கிழிசல் செருகப்பட்டிருந்தது. சந்தேகமே இல்லை, எதிர்க்கடை அனுப்பிய ஆள்தான். கிழிசலை உருவித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த பிரிவிலும் ஒன்று. அதையும் எடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த ஆள் கண்ணாலேயே வழியை மனப்பாடம் செய்துவிட்டால்? அருவிக்குப் போகும் திருப்பத்தை விட்டுவிட்டு அவர்களை வேறு பக்கம் திருப்பினாள். மூங்கில் புதரைச் சுற்றி, சேற்றுப் பள்ளத்தில் இறக்கி, ஏற்றி, விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைத் தாண்ட வைத்து, அதில் அவர் செருகிய தாளையும் உருவிக்கொண்டு, மறுபடியும் மூங்கில் புதருக்கே கொண்டு வந்தாள். இனி யார் வந்தாலும் இந்த வழியில் தலைகால் புரியாது.

விழுந்த மரம் மறுபடியும் வந்தபோது குடைக்காரர் நின்றுவிட்டார்.

"இந்த மரத்தை ஏற்கெனவே தாண்டினோம்."

"காட்டுல எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கும் சார்."

"இருக்கலாம். ஆனா இந்த மரத்துல நான் ஒரு தாள் செருகி வச்சேன். அது எங்க?"

குடைக்காரரின் பார்வை கீழிறங்கி அவள் கால்சட்டைப் பையில் நின்றது. அவளும் குனிந்து பார்த்தாள். செய்தித்தாளின் ஓரம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க அதை எடுத்தீங்க?" டாக்டர் தன் மனைவியை மெல்லப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "எங்களை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"அதை இவர்கிட்ட கேளுங்க. எதுக்கு சார் அடையாளம் வைக்கறீங்க? யாரு அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல. எனக்குக் காடுன்னாலே பயம். என் பொண்ணுதான் போயிட்டு வாங்கப்பான்னு பணம் கட்டி அனுப்பினா. படகுத்துறையில ஒருத்தர் சொன்னாரு, அந்தம்மாவுக்கு வழி சரியாத் தெரியாது, சுத்த விட்டுடுவாங்க, தாளைக் கிழிச்சு வச்சுக்கிட்டே போங்கன்னு."

"எப்படி இருந்தாரு அவரு?"

"வாய் நிறைய சிரிப்பு. வேன் சாவியைச் சுழட்டிக்கிட்டே பேசினாரு."

கொழுந்தன்தான். வழி அவனுக்குத் தேவையே இல்லை. தாளைக் கண்டால் அண்ணி சுற்ற ஆரம்பிப்பாள், சுற்றினால் வந்தவர்கள் பயந்து திரும்புவார்கள், திரும்பினால் விடுதி விடுதியாகச் சொல்வார்கள். அவளை அவளே கெடுத்துக்கொள்ள ஒரு பழைய செய்தித்தாள் போதுமாயிருந்திருக்கிறது.

அல்லது இந்த ஆள் பொய் சொல்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்ட ஒற்றனும் இப்படித்தானே பேசுவான்?

"திரும்பிடலாம்ங்க," என்றாள் டாக்டரின் மனைவி கணவனிடம், மிகத் தாழ்ந்த குரலில்.

வழிகாட்டி அந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். வழியைக் காப்பாற்றினால் பெயர் போகும். பெயரைக் காப்பாற்றினால் வழி போகலாம்.

"சார், நீங்க முன்னால போங்க," என்றாள். "வழியை இப்பவே சொல்லிடறேன். பிளந்த பாறை ஒண்ணு வரும், அதுல வலது பக்கம் திரும்பணும். அப்புறம் ஓடை. தாண்டக் கூடாது, ஓரமாவே ஏறணும். அவ்வளவுதான். நான் சொன்ன மாதிரி ஒண்ணு வரலைன்னாலும் அப்படியே திரும்பிடுங்க."

குடைக்காரர் அவளை நம்பாமல்தான் நடந்தார். பிளந்த பாறை வந்தது. ஓடை வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் ஒவ்வொரு முறையும் அவர் கையைப் பார்த்தாள். கை தாள் எதையும் கிழிக்கவில்லை. கிழித்தால் என்ன, கிழிக்காவிட்டால் என்ன, இனி எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

பிறகு இரைச்சல் கேட்டது. இலைகளுக்கு நடுவே காற்று குளிர்ந்தது. வெள்ளையாக, உயரமாக, யாரையும் கண்டுகொள்ளாமல் அருவி விழுந்துகொண்டிருந்தது. டாக்டரின் மனைவி செருப்பைக் கழற்றாமலே தண்ணீருக்குள் போய்விட்டாள். குடைக்காரர் வெகுநேரம் வாயைத் திறந்தபடி நின்றார். அவருடைய பற்களை டாக்டர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

மாலையில் அவர்கள் தெருவுக்குத் திரும்பியபோது கொழுந்தன் கடை வாசலில் நாற்காலி போட்டு, வேன் சாவியைச் சுழற்றியபடி உட்கார்ந்திருந்தான்.

"என்ன அண்ணி, இவ்வளவு நேரம்? வழி கிழி தவறிட்டீங்களோன்னு எனக்குக் கவலையாப் போச்சு."

அவள் தெருவின் நடுவிலேயே நின்றாள். முன்பின் தெரியாத மூன்று பேருக்குக் காட்டியதை இவனிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"இதுல என்ன தவற இருக்கு தம்பி? பிளந்த பாறையில வலது பக்கம். ஓடையைத் தாண்டாம ஏறணும். நாளைக்கு நீங்களே போய்ப் பாருங்களேன்."

கொழுந்தன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது அண்ணி?"

"நெசமாத்தான் சொல்றேன். வேணும்னா சாரைக் கேளுங்க."

"ஆமாங்க, அதுதான் வழி," என்றார் குடைக்காரர்.

கொழுந்தன் இவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், இருவரும் எப்போது ஒன்று சேர்ந்தார்கள் என்று புரியாமல் மறுபடியும் இவளைப் பார்த்தான். இத்தனை வருடம் வாய் திறக்காத அண்ணி, தெருவே கேட்கும்படி வழி சொல்கிறாள்.

"சரி, அந்தப் பாறைக்கு இடது பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டான், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"ஒண்ணுமில்லையே தம்பி. சேறும் அட்டையும்தான்."

"ஓ," என்றான் கொழுந்தன். கண்கள் சுருங்கின. எழுந்து கடைக்குள் போனான். அவன் அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் காலணியைத் தேடி உருட்டும் சத்தம் எதிர்ப்பக்கம் வரை கேட்டது.