வாசம் போட்ட மூட்டை

என் மகன் ஊரார் பிள்ளைகளின் மூத்திரத்துணியைத் துவைக்கிறான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவனுடையதை அலசிய கைதானே இது. வெட்கப்படும் வேலையை என் பங்குக்கும் சேர்த்து அவன் அப்பாவே பார்த்துக்கொண்டார்.

படிப்பை முடித்தபின் பையன் ஏறாத ஆபீஸ் படி இல்லை. ஏறி ஏறி அலுத்துப்போய், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். சாப்பாட்டு நேரத்தில்தான் முகத்தைப் பார்க்கலாம். "துரை எழுந்தாச்சா?" என்று இவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவன் இன்னும் கொஞ்சம் தூங்குவான்.

அவனிடம் நான் வாங்கிய ஒரே வேலை, குப்பையைத் தெருமுனையில் கொட்டிவிட்டு வருவது. அங்கே மக்காமலும் எரியாமலும் குவிந்து கிடந்த டயப்பர்களைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. துணி டயப்பர்களை வாடகைக்குக் கொடுப்பது. அழுக்கானதை மூடிபோட்ட வாளியில் எடுத்து வந்து, கொதிக்க வைத்து, மெஷினில் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பது. கடைசியாக அலசும் தண்ணீரைக்கூட ட்ரம்மில் பிடித்து, அடுத்த துணியின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வது. கணக்குப் படித்துவிட்டு வீட்டில் இருந்த எதிர்வீட்டுப் பெண்ணும், அவனோடு படித்த ஒல்லியும் சேர்ந்துகொண்டார்கள். சம்பளம் என்று ஏதுமில்லை. என் சமையல்தான் சம்பளம்.

இவர் மட்டும் மாடிப்பக்கமே போவதை நிறுத்திவிட்டார். பெரிய ஆபீஸில் நாற்காலி தேய உட்கார்ந்து ரிட்டையர் ஆனவர் அல்லவா. யாராவது கேட்டால், பையன் ஜவுளி வியாபாரத்தில் இருப்பதாகச் சொல்லி வைப்பார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அப்போதுதான் அடுத்த தெருக் குழந்தைகள் காப்பகத்து அம்மா ஒரு மூட்டைத் துணியை மாதிரிக்குக் கேட்டார். பிடித்திருந்தால் அங்கிருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தினமும் எங்கள் துணிதான். அது கிடைத்தால் மூன்று பேருக்கும் மாதச் சம்பளம் வரும். கிடைக்காவிட்டால், எங்கோ தூரத்தில் மூட்டை தூக்கும் வேலைக்கு ஒல்லியை அனுப்பிவிட அவன் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவன் போனால் தொழிலை மூடிவிட வேண்டியதுதான் என்று என் பையன் சொல்லிவிட்டான். மூட்டை போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. துணி ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உறிஞ்சவில்லையாம். பிள்ளைகள், பாய், தரை, எல்லாம் ஈரமாம். பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதே மூட்டையில் மிஞ்சிய ஒரு துணியை எடுத்து எதிர்வீட்டுப் பெண் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் உருண்டு வழிந்தது. அவள் துணியை மோந்து பார்த்தாள். கமகமவென்று மல்லிகை வாசம். துணியை மிருதுவாக்கும் வாசனைத் தண்ணீரை யாரோ கலந்திருக்கிறார்கள், அது நூலில் பூச்சாகப் படிந்துவிட்டால் துணி ஈரத்தை இழுக்காது என்றாள். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்ததே கோபம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர் குரல் வந்தது.

"நான்தான் ஊத்தினேன். நல்ல இடத்துக்குப் போற துணி, கொஞ்சம் வாசமா இருக்கட்டுமேன்னு."

கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்ததாகப் பார்த்து வாங்கி வந்து, நாங்கள் அசந்த நேரம் மெஷினில் ஊற்றியிருக்கிறார். வாங்கு வாங்கென்று வாங்கிவிட நான் தயாரானேன். ஆனால் பையனின் முகத்தில் கோபத்தைக் காணோம்.

"அப்பா, நீங்க அந்தத் துணியத் தொட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"தொடாம எப்படிடா மெஷின்ல போடுறது?"

இவர் எழுந்துபோய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, காப்பகத்துக்குப் போகலாம் வா என்றார். பையன் மாடிக்கு ஓடி, பழைய துவைப்பில் காய்ந்த துணி ஒன்றை எடுத்து வந்தான். இவர் அங்கே போய் ஆபீஸர் தோரணையைக் காட்டினால் இருப்பதும் போய்விடுமே என்று நானும் பின்னாலேயே போனேன்.

காப்பகத்து அம்மா இடுப்பில் ஒரு குழந்தையோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையனைப் பார்த்ததும் முகம் இறுகியது. நம்பித்தானே கொடுத்தேன் என்று ஆரம்பித்தவர், இவர் யார் என்று கேட்டார். பையன் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் வந்தார்.

"நான் இவர்கிட்ட வேலை பாக்குறேம்மா. புதுசு. முதலாளியக் கேக்காம வாசனைத் தண்ணிய ஊத்திட்டேன். தப்பு என்னோடது. அவர் தொழில்ல ஒரு குறையும் கிடையாது."

பெற்ற பிள்ளையை இவர் அதுவரை 'டா' போடாமல் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது.

அந்த அம்மா அப்பாவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. கண்டுபிடித்திருப்பார். ஆனாலும் எதுவும் கேட்காமல், பையன் கையிலிருந்த துணியை வாங்கித் தரையில் விரித்து, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். துணி அவ்வளவையும் குடித்துவிட்டது. கீழே தொட்டுப் பார்த்தார். தரை காய்ந்தே இருந்தது.

"நாளையிலேர்ந்து எல்லாத் துணியும் நீங்களே குடுங்க. இந்தப் புது ஆளுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க," என்றார்.

அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மூன்று வீட்டில் அடுப்பெரிய வழி செய்தவர்.

தெருவுக்கு வந்ததும், காலையில் எத்தனை மணிக்கு வேலைக்கு வர வேண்டும் என்று இவர் பையனிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவன் ஐந்து விரலைக் காட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே இவர் என்னை எழுப்பி, வேலைக்கு நேரமாகிவிட்டது, காப்பி போடு என்றார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, முணுமுணுக்காமல் எழுந்து போட்டுக் கொடுத்தேன்.