நிறுத்த விரும்புகிறவர்கள்

அனந்தநாராயணனின் அப்பா திவசத்தன்று வாத்தியார் வந்து அவருக்கு எதிரே மணையில் உட்கார்ந்தார். ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "தர்ப்பையை மறந்துட்டேன், எடுத்துண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. தர்ப்பை அவர் கையிலேயே இருந்தது.

அனந்தநாராயணனின் மனைவி வடிவாம்பாள் மத்தியானம் வரை பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். தன் கணவர் குடிக்கிற விஷயம் கரமனையில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியும் என்று தெரியாதவர் அவர் ஒருவர்தான். பிராந்தி வாசனையை மறைக்க அவர் ஏலக்காய் மெல்லுவார். சாயங்காலம் ஏலக்காய் மணம் வந்தால், ஆபீஸ் சூப்பிரண்டான அவர் வருகிறார் என்று பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்துவார்கள்.

அந்த வாரம் மலையாளப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வந்திருந்தது. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் புதன்கிழமை சாயங்காலம் வரலாம், கட்டணம் இல்லை என்று போட்டு, பாளையத்தில் ஒரு சர்ச்சின் விலாசம் கொடுத்திருந்தார்கள். அவள் கணவரிடம் படித்துக் காட்டினாள். "யாருக்கு வேணுமோ அவா போகட்டும்" என்றார் அவர்.

வடிவாம்பாள் யோசித்துப் பார்த்தாள். குடியை நிறுத்த விரும்புகிறவர் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். புதன்கிழமை புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சர்ச்சுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்கு வகுப்பு நடக்கும் அறை. குட்டை பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யோசுவா என்பவர் நல்ல பெஞ்சாகப் பார்த்துக் காட்டினார். தமிழ்நாட்டு எல்லையில் உள்ள பாறசாலைக்காரர், அவள் தமிழைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"என் ஆத்துக்காரருக்காக வந்திருக்கேன்" என்றாள் வடிவாம்பாள்.

"செரி சிஸ்டர். அப்படியே இருக்கட்டும்" என்றார் யோசுவா. "முதல் நாள் நானும் என் மச்சானுக்காகத்தான் வந்தேன்."

"இல்லை, நெஜமாவே அவருக்காகத்தான்."

"மெதுவா சொன்னாப் போதும். இங்கே பொம்பளையள் வாறது குறைவாக்கும், வெக்கப்பட ஒண்ணும் இல்லை."

இன்னொருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் பெண்டாட்டிகளுக்குச் செய்ததை வரிசையாகச் சொன்னார்கள். எந்தப் பெண்டாட்டியும் அங்கே இல்லை. வடிவாம்பாள் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டாள். அடுத்த புதனும் போனாள், யோசுவா கேட்டதற்கு டெலிபோன் நம்பர் எழுதிக் கொடுத்தாள், அதற்கடுத்த புதனும் போனாள். கணவர் கேட்டபோது பாளையம் போனதாகச் சொன்னாள். அது பொய்யில்லை.

பிறகு ஒரு வாரம் காய்ச்சலால் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் டெலிபோன் அடித்தது. அனந்தநாராயணன் எடுத்தார்.

"சிஸ்டரோட வீட்டுக்காரரா? யோசுவா பேசுறேன். நேத்து அவங்களைக் காணல்லை, அதான். நீங்க கொஞ்சம் பொறுமையா இருக்கணும் சாரே. திட்டக்கூடாது. வீட்டுல குப்பி ஏதாவது இருந்தா அவங்க கண்ணுல படாம மாத்தி வச்சிருங்க."

அவர் ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். "யாரோ பேசினான். நீ குடிக்கறயாம்."

"ஆமா, அந்தப் பாளையம் சர்ச்சுல அவாள்லாம் அப்படித்தான் நினைச்சுண்டிருக்கா."

"நீ இல்லேன்னு சொல்லலையா?"

"சொன்னேன். குடிக்கறவா எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாளாம்."

"என் ஆம்படையாளைக் குடிகாரின்னு பேசிண்டிருக்கான், நீ ரசத்தைக் கலக்கிண்டு நிக்கறே."

"மரியாதையாத்தான் நடத்தறா" என்றாள் அவள்.

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குடும்பப் பேர் கெட்டுப்போனதே என்ற ஆத்திரம். அடுத்த புதன்கிழமை ஆபீஸில் பாதி நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, அவளையும் அழைத்துக்கொண்டு பாளையம் போனார். ஏலக்காய் போட்டுக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை, நியாயம் கேட்கப் போகிறவன் குடித்துவிட்டுப் போகக்கூடாது என்று காலையிலிருந்து தொடவில்லை.

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார்.

"என் பேரு அனந்தநாராயணன். இவ என் ஆம்படையா. இவ வாழ்க்கையில ஒரு துளி தொட்டவ இல்லை. எங்காத்துல குடிக்கறது நானாக்கும். தினமும் குடிக்கறேன். அப்பா திவசத்தன்னிக்கும் குடிச்சேன். வாத்தியார் அதனாலதான் எழுந்து போனார். இவளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எல்லாரும் தெரிஞ்சுக்கணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டிவிட்டு, அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இரிங்க சாரே" என்றார் யோசுவா. பிறகு வடிவாம்பாள் பக்கம் திரும்பி, "மன்னிக்கணும் சிஸ்டர்" என்றார்.

அனந்தநாராயணன் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். வாத்தியார் எழுந்து போன காரணத்தை அவர் அதுவரை வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை. வடிவாம்பாள் அவர் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஆட்டுக்குட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அதோடு குடி நின்றுவிடவில்லை. ஓணத்துக்கு ஒருமுறை குடித்தார், ஆபீஸில் ஒருவரின் பிரிவுபசாரத்தில் இன்னொருமுறை குடித்தார். இரண்டையும் புதன்கிழமை போய் அவரே சொன்னார். பிறகு குடிக்கவில்லை.

வடிவாம்பாள் போவதை நிறுத்திவிட்டாள். அவர் தனியாகப் போன முதல் புதன்கிழமை அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எந்த நிலையில் வருவாரோ என்று வாசலுக்குக் காது கொடுக்காமல் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். அனந்தநாராயணன் வெகுநேரம் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.