பனிச்சங்கேணி ஸ்டேஷன்

பனிச்சங்கேணிக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்திலும் இருந்ததில்லை, போடப்போவதாக எந்தத் தேர்தலிலும் யாரும் பொய் சொன்னதுகூட இல்லை. ஆனாலும் அந்த ஊருக்கு ஒரு ஸ்டேஷன் கட்டி முடித்து, அதைப் பழைய போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூலிக்குப் பிடித்த வான் வண்டியில் மட்டக்களப்புக்குப் போய்க்கொண்டிருந்தார் ஜெயரூபன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி வதனிக்கு ஸ்டேஷனைப் பற்றிய கவலை ஒன்றும் இல்லை. மனுஷன் வாசலைத் தாண்டி வந்துவிட்டாரே என்பதுதான் அவளுக்குப் பெரிய புதினம்.

திருகோணமலை வீதியில் பஸ் ஓட்டியவர் ஜெயரூபன். அவர் ஹோர்ன் சத்தம் கேட்டால் வழியில் உள்ள தேத்தண்ணிக் கடைக்காரர்கள் கேத்தலை அடுப்பில் வைப்பார்கள். அப்படி வாழ்ந்த மனிதருக்குச் சீனி வருத்தம் வந்து, காலில் ஒரு புண் வந்து, கடைசியில் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கதை பேச்சும் போய்விட்டது. யாராவது பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வதனி கெஞ்சினாள், ஏசினாள், பட்டினியும் கிடந்து பார்த்தாள். சுவர் அசைந்தாலும் மனுஷன் அசையவில்லை.

வதனி வீட்டில் தையல் வேலை செய்கிறவள். துணி வாங்கக் காத்தான்குடிக்குப் போனபோது, கடைக்காரி பர்ஸானாவிடம் ஒருநாள் இதையெல்லாம் கொட்டிவிட்டாள். பர்ஸானா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணன்ட நம்பரத் தாங்க, எங்கட கோச்சி குரூப்பில போட்டு விடுறன்" என்றாள். கோச்சி என்றால் ரயில். குரூப் என்றால், பொம்மை ரயிலுக்கு ஊரும் பாதையும் செய்து மகிழும் சில பெரிய மனிதர்களின் வட்ஸ்அப் கூட்டம். அதன் தலைவர், டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த பறங்கியர் கிளரன்ஸ். அவர் ஒரு விதி வைத்திருந்தார். மட்டக்களப்பு ஸ்டேஷனை அவர் செய்வார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பலகையில், நிஜத்தில் கோச்சி வராத தங்கள் ஊருக்கு ஒரு ஸ்டேஷன் கட்ட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாப் பலகைகளையும் அவர் வீட்டு மேசைகளில் பொருத்திக் கோச்சியை ஓட விடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. கோணல் மரம் ஒன்றின் படம் போட்டாலும் "சும்மா சொல்லக்கூடாது, வாடைக் காத்துக்குச் சாஞ்ச மாதிரியே இரிக்கி" என்று பதில் வரும். முதலில் சுவர்ப் பக்கம் படுத்தபடியே போனில் இந்தப் படங்களைப் பார்த்துக் கிடந்தார் ஜெயரூபன். பிறகு ஒருநாள் தென்னை ஈர்க்கிலை வெட்டி முதன்முதலாகச் செய்த வாங்கின், அதாவது பெஞ்சின், படத்தைப் போட்டார். அதற்கு ஒரு கால் குட்டை. யாராவது அந்தக் காலைப் பற்றி எழுதிவிடுவார்களோ என்று வதனி பயந்தாள். கிளரன்ஸ் எழுதினார்: "அசல் ஸ்டேஷன் வாங்கு. நானும் இப்படி ஆடுறதில இருந்துதான் பேப்பர் வாசிக்கிறனான்." ஜெயரூபன் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே வதனி வெட்ட வேண்டிய சீருடைத் துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஈர்க்கில் சீவிக் கொடுத்தாள்.

ஸ்டேஷனுக்கான படத்தைக் கிளரன்ஸ்தான் வரைந்து அனுப்பினார். அளவுகளை எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. படத்தையே நிஜ அளவில் வரைவார். மட்டையை அதன்மேல் வைத்து அப்படியே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். வதனி அதைக் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரிண்ட் எடுத்து வந்தாள். அந்தத் தாளின் மேல்தான் தூண், கூரை, பிளட்போம் எல்லாம் எழும்பின. தண்டவாளத்தை மட்டும் கிளரன்ஸ் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

வான் கிளரன்ஸ் வீட்டு வாசலில் நின்றது. சக்கர நாற்காலியை இறக்கும்போது ஜெயரூபன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் போர்வையை விலக்கியதும் பர்ஸானா, "யா அல்லாஹ், ஓடு ஒண்ணொண்ணா வெச்சிரிக்கிங்களே அண்ணன்!" என்று கத்தியபோது அவர் நிமிர்ந்தார். கிளரன்ஸ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ரூபன், இதுக்கு முன்னால என்ட ஸ்டேஷன் மாட்டுக் கொட்டில்டா" என்றார். வதனிக்கு அன்றைய நாள் அதோடு முடிந்திருந்தாலும் போதும்.

பலகைகளைப் பொருத்தினார்கள். கோச்சி மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, பர்ஸானா வார்னிஷ் பூசிப் பூசிச் செய்த வாவியின் ஓரமாக வளைந்து, பனிச்சங்கேணிக்குள் நுழைந்தது. நுழைந்த இடத்திலேயே பிளட்போமில் இடித்து, சிக்கி, நின்று உறுமியது.

கிளரன்ஸ் பதறிக் கரண்டை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். ஒரு பெட்டியைத் தூக்கி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டியின் கதவளவுக்குக்கூட ஸ்டேஷன் வாசல் இல்லை. ஸ்டேஷன் முழுவதுமே சின்னது, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விட்ட இடைவெளியும் சின்னது. தண்டவாளம் ஒன்றுதான் சரியான அளவு.

வதனிக்கு விளங்கிவிட்டது. கொமினிகேஷன் கடைப் பெட்டை, "அன்ரி, இது ரெண்டு தாளில வரும், சுருக்கி ஒண்டுக்குள்ள எடுக்கவா?" என்று கேட்டதும், "ஒண்டுக்குள்ள வந்தாக் காணும் மனே" என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. படம் சுருங்கியிருக்கிறது. ஓடும் தூணும் வாங்கும், மாதக்கணக்கில் மனுஷன் கண்ணைக் கசக்கிச் செய்த அத்தனையும் சுருங்கியிருக்கிறது.

"நான்தான்" என்றாள். "நான்தான் ஒரு தாளில எடுத்தனான்."

ஜெயரூபன் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வானுக்குச் சொல்லு, போவம்" என்றார். பழைய குரல், சுவரைப் பார்த்துப் பேசுகிற குரல். இப்போது வீட்டுக்குத் திரும்பினால் இனி இவர் வெளியே வரமாட்டார் என்று வதனிக்குத் தெரியும்.

"பிழை என்ட. அளவு எழுதாம அனுப்பினது நான்" என்றார் கிளரன்ஸ். குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி பட்ரிசியா, "கலியாணம் முடிச்ச நாளில இருந்து சொல்றன் எழுதுங்க எழுதுங்க எண்டு!" என்று சேர்த்துக்கொண்டாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பர்ஸானா யோசித்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அண்ணன், உங்கட ஸ்டேஷன நான் தொடலாமா?" என்று கேட்டாள். அடுத்தவர் பலகையைக் கேட்காமல் தொடுவது அங்கே பெரிய குற்றம். அவர் தலையசைத்ததும் ஸ்டேஷனைப் பிளட்போமோடு பெயர்த்தெடுத்து, தன் வாவிக்கு அப்பால், பலகையின் கடைசி விளிம்பில் வைத்தாள். "சின்னதெல்லாம் தூரத்தில இரிக்கிற மாதிரித் தெரியும். அக்கரை எண்டு வெச்சிக்கொள்ளுவம்."

வதனி பார்த்தாள். அக்கரையாகத் தெரியவில்லை. ஒரு சின்ன ஸ்டேஷனை எடுத்து மூலையில் ஒதுக்கி வைத்ததுபோலத்தான் தெரிந்தது. அவளுக்குப் பர்ஸானாமேல் இரக்கமாக இருந்தது.

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க பிள்ள" என்றார் ஜெயரூபன். "கோச்சி வராட்டி அது என்ன ஸ்டேஷன்?" சக்கரத்தை உருட்டி வாசலை நோக்கித் திரும்பினார். பர்ஸானாவின் பலகையைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும்போது தலை தானாகத் திரும்பியது. நாற்காலி நின்றது.

நின்றது நின்றதுதான். வதனி பயந்து கிட்டப் போனாள்.

"இஞ்ச வா" என்றார். "குனி. இன்னும் குனி. என்ட உயரத்துக்கு வா."

அவள் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று பார்த்தாள். மேசை மட்டத்திலிருந்து பார்க்கும்போது வார்னிஷ் தண்ணீர் அகன்று, நீண்டு, வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு போனது. அதற்கு அப்பால், வெகு தூரத்தில், பனைகளுக்கு நடுவே ஒரு ஸ்டேஷன். பொம்மை இல்லை, ஊர். கையைத் தட்டிக் கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில் இருக்கிற ஊர்.

"பாலத்தால பஸ்ஸக் கொண்டு வரக்குள்ள தெரியும், இந்த மாதிரி" என்றார் ஜெயரூபன். "சீற்றில இருந்து பார்க்கக்குள்ள. அப்பாடா, வீடு வந்திற்று எண்டு நினைப்பன்."

அவர் பஸ்ஸைப் பற்றிப் பேசிக் கேட்டு எவ்வளவு காலம்! பர்ஸானா அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினாள். கிளரன்ஸ் மேசைக் காலைப் பிடித்து, எலும்பெல்லாம் முறிகிற சத்தத்தோடு மண்டியிட்டார். நால்வரும் வரிசையாக நாற்காலி உயரத்திலிருந்து அக்கரையைப் பார்த்தார்கள்.

"ஜீஸஸ்!" என்றார் கிளரன்ஸ். "நாங்க இவ்வளவு காலமும் நிண்டுகொண்டு பார்த்து எல்லாத்தையும் பழுதாக்கியிருக்கம். இனி எல்லாப் பலகையும் இந்த உயரத்திலதான். பட்ரிசியா, அந்த வாளைக் கொண்டு வா, மேசைக் கால வெட்டுவம்!"

"அது என்ட சாப்பாட்டு மேசை!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள் பட்ரிசியா. வந்தவளையும் குனிந்து பார்க்க வைத்தார்கள். "வெட்டுறதெண்டா நேரா வெட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கிளரன்ஸ் கரண்டைப் போட்டு விசையை ஜெயரூபனின் கையில் கொடுத்தார். கோச்சி இக்கரை ஓரமாக மெல்ல ஓடியது. ஜெயரூபன் அதை ஓட்டிக்கொண்டே அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளட்போமில் அவர் செய்து நிறுத்திய குட்டி மனிதர்கள் பெட்டி படுக்கையோடு காத்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தச் சனம் பாவம், கோச்சி வருமெண்டு நிக்குதுகள்" என்றார். "அதுகள்ட அளவுக்கு ஒரு சின்னக் கோச்சி செய்யவேணும். ஓடாட்டியும் பரவாயில்ல, வந்து நிக்கட்டும். அடுத்த மாசம் வரக்குள்ள கொண்டு வாறன்."

யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். வதனி எழும்பவில்லை. முழங்காலில் நின்றபடியே நாற்காலிக் கையில் முகத்தை வைத்து அழுதாள்.

"என்ன, முழங்கால் நோகுதா?" என்று கேட்டார் ஜெயரூபன்.

"ஓம்" என்றாள் வதனி. "நோகுது."