மரம் ஒன்று, வெட்டக் கூடாது

‘காலி மனை’ என்ற விண்ணப்பத்தின் மேல் முத்திரை விழுந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குத் தையல்காரம்மா யார் கண்ணுக்கும் தெரியாமல் போனார். அவருடைய ஓட்டு வீடும் தையல் மெஷினும் கூடவே போயின. விண்ணப்பத்தை எழுதியவர் கட்டட அனுமதி வாங்கித் தந்தே பிழைப்பவர். அனுமதிக்காரர் என்றால்தான் அவரை நாலு பேருக்குத் தெரியும். முதலில் படிவம், பிறகு ஆற அமர மனை என்பது அவர் வழக்கம். பதினெட்டு வருஷமாக அதில் ஒரு பிசகும் வந்ததில்லை. வியாழக்கிழமை அவர் மனையைப் பார்க்கப் போனபோது மூலையில் அந்த அம்மா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டவர் என்பதாலோ என்னவோ, அவருக்கு மட்டும் தெரிந்தார்.

“ரெண்டு நாளா எம்பொண்ணு வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுத் திரும்பிப் போறா, தம்பி. நான் அவ பக்கத்துலயேதான் நிக்கிறேன்.”

அனுமதிக்காரர் மானத்தைப் பார்க்காமல் அலுவலகத்துக்கு ஓடித் தப்பை ஒப்புக்கொண்டார். ஆய்வாளர் வந்து, அந்த அம்மாவின் அடுப்படியில் நின்றுகொண்டே ‘ஆள் நடமாட்டம் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். ஆட்சேபணை இருந்தால் சம்பந்தப்பட்டவர் நேரில் வரவேண்டும் என்றார் குமாஸ்தா. அனுமதிக்காரர் அந்த அம்மாவை நேரில் கூட்டிப் போனார். மூன்று நாள் ஜன்னல் முன்னால் நின்றார்கள். குமாஸ்தா அந்த அம்மாவைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மனையைச் சமன்படுத்த வந்த இயந்திரம் அந்த வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. ஒரு ஓடுகூட உடையவில்லை. ஏழு மாடி எழும்பியது. கார் நிறுத்துமிடத்தின் மூலையில் மெஷின் சத்தம் கேட்கிறது என்று காவலாளிகள் மாதம் ஒருவராக வேலையை விட்டார்கள். அனுமதிக்காரருக்குத் தன் வீட்டில் சோறு இறங்கவில்லை.

நான்காம் வருஷம் திருத்திய வரைபடம் கேட்டார்கள். மனையில் உள்ளவை என்ற கட்டத்தில் கிணறு, கம்பம், மரம் மூன்றுக்குத்தான் இடமிருந்தது. இந்த முறை அவர் பேனாவைத் திறக்குமுன் மனைக்குப் போய், தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

“மரமா? எழுதுங்க தம்பி. எம்பொண்ணு கண்ணுக்கு ஏதாவதா தெரிஞ்சாப் போதும்.”

‘மரம் ஒன்று, வெட்டக் கூடாது’ என்று எழுதினார். முத்திரை விழுந்த மறுநாள் மூலையில் ஆளுயரத்துக்குமேல் ஒரு மரம் நின்றது. குடியிருப்போர் அது முதலிலிருந்தே இருப்பதாகச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள். அனுமதிக்காரர் அந்த அம்மாவின் மகளைத் தேடிப் பிடித்து, நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தபோது, ரவிக்கையின் தோளில் ஒரு மாதமாகப் பிரிந்திருந்த தையல் சேர்ந்திருந்தது. பொடித் தையல், கடைசியில் இரட்டை முடிச்சு. அவள் முடிச்சை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து கிழிந்த துணிகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.