நாற்காலிக்கும் முதுகுக்கும் இடையில்

1

இந்தக் கதையை நானாகத் தொடங்கவில்லை. தம்பி மகள் கேட்டாள். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கப் பிப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, சின்னக் குழாய்களில் துளித்துளியாக மாதிரித் திரவம் விடுவது அவள் வேலை. இப்போது கட்டைவிரல் மடங்க மறுக்கிறது, தோள் கல்லாகிவிட்டது.

"பெரியப்பா, எங்க லேப் சுவத்துல ஒட்டணும். வலி வராம எப்படி வேலை செய்யறதுன்னு ஒரு கதை எழுதித் தாங்க."

"நம்ம குடும்பத்துல யாருக்கும்மா வலி வந்திருக்கு?"

"எனக்குத்தான்."

2

ஒரு தொடக்கம்: 'வலியை வென்ற வீரப்பெண் ஒருத்தி...' (அடித்துவிட்டேன். "வென்றிருந்தா கையில ஏன் பெரியப்பா கட்டு?" என்கிறாள்.)

இன்னொரு தொடக்கம்: 'மேசை முழங்கை உயரத்தில் இருந்தால்...' (இது கதையா, தச்சருக்குச் சொல்லும் அளவா?)

3

வேலை செய்பவர்களின் உடம்பு படும் பாட்டைப் பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு ஓர் ஆலோசகர் அம்மாள் வந்தார். லேசான பிப்பெட் வாங்கச் சொன்னார். டப்பாக்களைக் கைக்கு எட்டும்படி நகர்த்தினார். அப்புறமும் இவளையே பார்த்தார்.

"ஏம்மா, நீ சாஞ்சு உட்காரவே மாட்டியா?"

"எங்க வீட்ல யாரும் சாய மாட்டோம், மேடம்."

"இங்க யாரு பாக்கப் போறாங்க?"

"யாரும் இல்லதான். அது முதுகுக்குத் தெரிய மாட்டேங்குது."

(அடிக்குறிப்பு: உண்மை. பெரியவர் முன்னால் சிறியவர் சாய்வதில்லை. சிறியவர் பார்க்கிறார்களே என்று பெரியவரும் சாய்வதில்லை. எங்கள் வீட்டு நாற்காலிகளின் முதுகுகள் வாங்கிய அன்று போலவே பளபளக்கும். இதில் எனக்குப் பெருமைதான்.)

"இப்படியே இருந்தா தோள் ஆறாது. அப்புறம் உன்னை ஆபீஸ் மேசைக்குத்தான் மாத்தணும்," என்றார் ஆலோசகர்.

4

ஒரு முடிவு: ஆபீஸ் மேசைக்குப் போகிறாள். (கூடாது. குழாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாத பெண் அவள்.)

இன்னொரு முடிவு: குடும்பத்துப் பெரியவர் அவளைக் கூப்பிட்டு, 'சாய்ந்துகொள்' என்று... (எத்தனை முறை முயன்றும் இந்த வாக்கியம் முடியவில்லை. பேனாவில் மை இருக்கிறது.)

5

இதுவரை எழுதியதை எதிரே உட்கார்ந்து படிக்கிறாள். நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி.

"முடிவு எங்க பெரியப்பா?"

"படிக்கிறவங்க எழுதிக்குவாங்க. எனக்கு ஜன்னல்கிட்ட கொஞ்சம் வேலை இருக்கு."

"ஜன்னல்ல என்ன வேலை?"

"பெரியவங்களைக் கேள்வி கேக்காதே."

இந்தக் கடைசித் தாளை ஜன்னல் விளிம்பில் வைத்து, அவளுக்கு முதுகு காட்டி நின்றபடி எழுதுகிறேன். வாசகரே, அவள் உங்கள் கண்ணெதிரே இருக்கிறாள். என்ன செய்கிறாள் என்று பார்த்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம். நான் திரும்புவதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.