ஒன்பது சீட்டு வண்டி

"காலைல எட்டுக்கு பிசா. சாஞ்ச கோபுரம், ஒரு போட்டோ, நாப்பது நிமிசம். அப்பறம் லூக்கா. அங்க கோட்டை மதிலு ஒரு பாயிண்ட்டு. மத்தியானச் சாப்பாடு வண்டிலயே. ரெண்டு மணிக்கெல்லாம் ப்ளாரன்ஸு. அங்க மட்டும் அஞ்சு பாயிண்ட்டு வருது..."

பிரபாகர் செல்போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனான். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. புஷ்பலதா கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தாள். போட்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

"ஏனுங்க, அதென்னங்க பாயிண்ட்டு?"

"பாயிண்ட்டுன்னா பாயிண்ட்டுதான். டஸ்கனி முழுக்க விசாரிச்சுட்டன் புள்ள. ஒண்ணு உடாம ஆறு நாள்ல பாத்துரலாம்."

ஏற்காட்டுக்கு வருகிறவர்களை வேனில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதுதான் அவன் தொழில். ஏரி, லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் வைத்திருப்பான். நேரம் முடிந்தால் ஹாரன். "அரை நாள்ல எல்லாத்தையும் காட்டிட்டாருங்க" என்று அவர்கள் சொல்லிவிட்டு சேலம் பஸ் ஏறுவதில் அவனுக்குத் தனிப் பெருமை. அந்தச் சுற்றுலாவை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் இத்தாலியில் இறக்கியிருந்தான்.

புஷ்பலதா கேட்டது இதையல்ல. டவுனில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில், யாரோ விட்டுப்போன பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்திருந்தாள். குன்றின்மேல் ஒரு கல் வீடு. வீட்டுக்குப் போகும் மண்பாதையோரம், நம் எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் நிற்குமே, அதுபோல வரிசையாக ஒல்லி மரங்கள். வீட்டு முன்னால் இரண்டு நாற்காலி. அவற்றில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் படத்தை செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு வருடக் கணக்காகப் பார்த்து வந்தாள். போன இரண்டு வருடமும் தங்கள் தோட்டத்துக் காப்பிக்கும் மிளகுக்கும் நல்ல விலை கிடைத்தது, வேன் கடனும் முடிந்தது. அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இந்த மாதிரி ஒரு ஊட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வரலாமுங்களா? நாம ரெண்டு பேரு மட்டும்."

அவன் யோசிக்காமல் சரி என்றான். செப்டம்பரில் காலாண்டு லீவு, அவனுக்கும் சவாரி குறைவு, தோட்டத்திலும் காப்பிப் பழம் பறிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவனேதான் மாதத்தையும் சொன்னான். அந்தச் சரியை நம்பி அவள் கால் தரையில் பாவாமல் திரிந்தாள்.

"ஒரே ஊரு, ஒரே ஊடு. ஆறு நாளும் அங்கயேதான் இருக்கறோம்னு சொன்னனேங்க."

"ஆறு நாளு ஒரே எடத்துல உக்கார்றதுக்கு எதுக்குப் புள்ள இத்தாலி? இங்கயே உக்காந்துக்கலாமே."

"இங்க எப்பங்க உக்காந்தோம்?"

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் சக்தி, தலை நிமிராமலே கேட்டாள்: "ரெண்டு பேரும் தனியாப் போயி என்னம்மா பேசுவீங்க?"

பத்து வயதுக்காரி விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனாலும் புஷ்பலதாவுக்குச் சுருக்கென்றது. என்ன பேசுவோம் என்று அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் போக நினைத்தாள்.

மறுநாள் சாயங்காலம், பிரபாகரின் அக்கா மாதம்மாள் போன் செய்தபோது மீதிக் கதையும் வெளியே வந்தது.

"கண்ணு, அங்க நம்ம அரிசி கெடைக்குமா, இல்ல ஒரு பையி கட்டிட்டு வந்தரட்டுமா? எங்க ஊட்டுக்காரருக்கு ரசஞ்சோறு இல்லாட்டி ஆவாது, உனக்கே தெரியும்."

"எங்கங்க அண்ணி?"

"இத்தாலிக்குத்தான். ஏன், தம்பி சொல்லலியா?"

போனை வைத்துவிட்டு நேராக வாசலுக்கு வந்தாள். பிரபாகர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மொத்தம் எத்தன பேருங்க?"

அவன் தண்ணீரை நிறுத்தினான். "அக்காளும் மாமனும். அப்பறம் லாட்ஜு அன்பழகனும் அவரு சம்சாரமும். அப்பறம் நம்ம ஸ்டூடியோ ரொனால்டு. ரோமையும் ஒரு பாயிண்ட்டா சேத்துக்கச் சொன்னாரு... அவங்க பெரிய கோயிலு அங்கதான இருக்குது, பாவம்."

"எதுக்குங்க இவங்கல்லாம்?"

"அங்க ஒம்பது சீட்டு வேனு வாடகைக்குக் கெடைக்குது புள்ள, நானே ஓட்டிக்கலாம். நாம ரெண்டு பேரு மட்டும் போனா ஏழு சீட்டு சும்மா ஓடுமே!" என்றான், ஏதோ பாவக் காரியத்தைப் பற்றிச் சொல்வதுபோல. "இப்பவும் ரெண்டு சீட்டு காலிதான். யாரையாச்சும் கேக்கணும்."

அவர்கள் ஊரான வெள்ளக்கடைப் பக்கத்தில் காலி சீட்டு சாதாரண விஷயமில்லை. பஸ்ஸை நம்பி அங்கே யாரும் இருக்க முடியாது. டவுனுக்கோ அடிவாரத்துக்கோ போகிற வண்டி, வழியில் நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். காலி சீட்டோடு தாண்டிப் போனவனை அடுத்த விசேஷத்தில் பந்தியில் வைத்தே கேட்டுவிடுவார்கள். புஷ்பலதாவும் அப்படி ஒவ்வொரு வண்டியாக ஏறித்தான் பள்ளிக்கூடமும் காலேஜும் முடித்தவள். அதனால் வாய்விட்டுக் குறை சொல்லவும் வழியில்லை. ஆனால் அவர்கள் கல்யாணத்தன்று திரும்பிய ஜீப்பில், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு இஞ்சி மூட்டை உட்கார்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனபோது ஒரு ஜீப் நிறைய ஆட்கள். அவள் பெண்களோடு ஒரு அறையில், அவன் ஆண்களோடு இன்னொரு அறையில். ஊட்டி எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும், கூட்டமாக இருந்தது என்பாள்.

"அப்படின்னா ரெண்டு சீட்டு இல்லீங்க, மூணு சீட்டுக்கு ஆளப் புடிங்க. நான் வரல."

"ஏம்புள்ள, உனக்காகத்தான இவ்வளவும்!"

உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. புரிந்தே செய்திருந்தால் நன்றாக ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை சென்னையில் விசாவுக்கு நேரம் வாங்கியிருந்தது. எங்கே தங்கப் போகிறோம் என்பதை அங்கே காட்டவேண்டும். அதற்குள் இவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அந்த வாரம் முழுக்க ஆபீசில் தப்புத் தப்பாகத் தட்டச்சு செய்தாள். ஊருக்குள் வேறு, பார்க்கிறவர்களெல்லாம் "ஏங்கண்ணு, மலையில இருந்துட்டு மலை பாக்கவா போறீங்க?" என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போய், வேனின் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க போவணும்?" பிரபாகர் சிரித்தான்.

"சவாரிங்க. லேடிஸ் சீட்டு. அந்த ஒரு எடந்தான். நீங்களும் கூட வந்து உக்காரோணும். நான் சொல்றப்பதான் எந்திரிக்கோணும்."

"அவ்வளவுதான? ஏறிக்க... ஏறிட்டயா, சரி."

முதல் திருப்பத்திலேயே ஊர்க்காரி அம்மணி கையை நீட்டினாள், காலடியில் ஒரு பலாப்பழத்தோடு. வண்டி தானாக நின்றது. "இத்தாலி போறயாமே கண்ணு? அந்த வண்டில எடம் கிடம் இருக்குதா?" என்று கேட்டபடியே பழத்தைப் புஷ்பலதாவின் மடிப்பக்கம் தள்ளினாள். அடுத்து, கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு குடும்பம். டவுன் வருவதற்குள் புஷ்பலதா ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிப்போயிருந்தாள். நல்ல சேலையில் பலாப்பால்.

எல்லோரையும் இறக்கிவிட்டு லேடிஸ் சீட் போய்ச் சேர்ந்தபோது, கீழே சேலமும் இல்லை, மலையும் இல்லை. ஆடி மாதப் பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடியிருந்தது.

"அடடா, பாக்கறதுக்கு ஒண்ணுமில்லியே! நாளைக்கு வரலாமா?"

"உக்காருங்க."

உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது, இந்த மனிதன் இங்கே உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை என்று. தினமும் வருகிறான். வண்டியோடு நிற்பான், டயரைத் தட்டிப் பார்ப்பான், ஹாரன் அடிப்பான். இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"இந்த ஈரத்துல வேனு பிரேக்கு கொஞ்சம் கத்துது," என்றான்.

"ம்."

"காத்து நல்லா வருதில்ல?"

"வருதுங்க."

அவனும் முயற்சி செய்கிறான் என்று அவளுக்கு மனசு இளகிய நேரம் பார்த்து, அவன் செல்போன் அடித்தது. ஈரக் கையால் எதையோ அழுத்தினான். ஸ்பீக்கரில் மாதம்மாளின் குரல் கணீரென்று வந்தது.

"எங்க சாமி இருக்கற?"

"லேடிஸ் சீட்லக்கா. புஷ்பாளக் கூட்டிட்டு வந்தன்."

"ரெண்டு பேருமேவா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பனே! செரி, நான் டவுன்லதான் இருக்கறன். அங்கயே இருங்க, ஆட்டோவுல வந்தர்றன். போண்டா வாங்கிட்டு வரட்டுமா?"

பிரபாகர் போனைப் பார்த்தான். புஷ்பலதாவைப் பார்த்தான். "வாக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தவன், சொல்லாமல் அப்படியே இருந்தான். வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து போய் வேனின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மாதம்மாள் வந்தாள், போண்டா நன்றாகத்தான் இருந்தது. வீடு வரும்வரை அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு புஷ்பலதா சொன்னாள்: "திங்கக்கெழம நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் ஆபீசுக்கு லீவு சொல்லல." செல்போனிலிருந்த அந்தப் படத்தையும் அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் வீட்டில் இல்லை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் வாசலில் ஹாரன் கேட்டது. வேன் ஹாரன் அல்ல. வெளியே வந்தால், கொட்டகையில் கிடந்த பழைய பைக்கைத் துடைத்து நிறுத்தியிருந்தான். கையில் இன்னொரு ஹெல்மெட்.

"கெளம்பு புள்ள, சேலத்துல ரயிலப் புடிக்கோணும்."

"வேனு?"

"வேனு எதுக்கு? நாம ரெண்டு பேருதான."

அவள் அசையவில்லை. "சக்தி?"

"நான் ஸ்கூலு பஸ்ஸுல போயிக்குவன். சாயங்காலம் அம்மணியத்த ஊட்டுல இருந்துக்கறன். அப்பா நேத்தே சொல்லிட்டாங்க," என்று சக்தி உள்ளேயிருந்து கத்தினாள். "போங்கம்மா!"

மலைப்பாதையில் இரண்டு வளைவு இறங்கியாயிற்று. பிறகு அவன் தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"நேத்து அக்கா ஊட்டுக்குப் போனன். ரெண்டு பேத்துக்குத்தான் விசா குடுப்பாங்களாமுன்னு ஒரு பொய்யி சொல்லிரலாமுன்னுதான் போனன். வாயில வரல. நானும் என் சம்சாரமும் தனியாப் போவணும்க்கான்னு சொல்லிப்புட்டன்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"அரிசிப் பையி கட்டி வெச்சிருந்தா. அத எடுத்துக் கொண்டுபோயி உள்ள வெச்சா. ஒண்ணுமே பேசல." கியரை மாற்றிவிட்டு, "காப்பி கூடக் குடுக்கல புள்ள," என்றான்.

அவளுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. தீபாவளி வரைக்கும் மாதம்மாள் முகம் கொடுக்கமாட்டாள், அந்தப் பழி முழுக்கத் தன் தலையில்தான் விழும் என்று தெரியும்.

"நீ கேட்ட மாதிரி ஒரு ஊடு பாத்து புக் பண்ணிட்டன். ஆறு நாளும் அங்கதான். முன்னால நாக்காலி இருக்குதான்னு எழுதிக் கேட்டன், இருக்குதுன்னுட்டாங்க."

"எத்தன?"

"நாலு," என்றான் தயங்கி. "போனதும் ரெண்ட எடுத்து உள்ள வெச்சரலாம்."

ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், ரோட்டோரம் குடையோடு நின்ற பெரியவர் கையை நீட்டினார். பைக் தானாகத் தயங்கியது. பிரபாகரின் கால் பிரேக்குக்குப் போனதை அவள் பார்த்தாள்.

"ரெண்டு சீட்டுதானுங்க!" என்று கத்தினான்.

"அதனாலென்ன சாமி, நடுவுல ஒட்டி உக்காந்துக்கறன்!"

புஷ்பலதா அவன் சட்டையை முதுகோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்தாள். பைக் நிற்கவில்லை. ஆனால் அடுத்த வளைவு வரைக்கும் அவன் கண்ணாடியிலேயே பெரியவரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"முன்னால பாத்து ஓட்டுங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கறன்." பிறகு மெதுவாக, "பிசா மட்டும் ஒரே ஒரு பாயிண்ட்டு..."

"வண்டிய உட்டு எறங்கி வருவீங்களா?"

"வர்றன்."

கீழே அடிவாரத்து வெயில் தெரிந்தது. சக்தி கேட்ட கேள்வி இன்னும் அவளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"ஏனுங்க, ஆறு நாளும் அங்க உக்காந்துட்டு என்னங்க பேசுவோம்?"

அவன் யோசித்தான். ஒரு வளைவு முழுக்க யோசித்தான்.

"எனக்கும் தெரியல புள்ள," என்றான்.

அவள் பிடித்த சட்டையை விடவில்லை.